கலப்பு வலையமைப்பும் கட்டற்ற மென்பொருளும்



கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய குண்டனி நாட்டிலிருந்து உங்களோடு பேச வந்திருக்கிறேன். நாடு என்றவுடன் சமவெளியில் வாழ்வோர் பெரும் பரப்பொன்றை எண்ணிக்கொள்வர். எங்கள் மலையில் அது சிற்றூர்கள் சிலவற்றின் தொகுதி; ஏட்டில் ஊராட்சி என்று எழுதப்படுவது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகின்ற எப்பொருளுக்கும், அது உப்பு மூட்டையாயினும் கணினியாயினும், ஏற்றுக்கூலி ஒன்று உண்டு. பழுது பார்ப்பதற்கு அதனைக் கீழே கொண்டுசெல்வதென்றால் இறக்குக்கூலியும் உண்டு. ஆகையால் மலைமேல் வந்து சேர்ந்த ஒரு பொருளை எளிதில் தூக்கி எறிய எங்களுக்கு மனம் வருவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இந்த இயல்போடு ஒட்டியதே. வெவ்வேறு காலத்தில் வந்த, வெவ்வேறு வகையான கணினிகளை ஓர் அலுவலகத்தில் ஒன்றாகப் பூட்டி வேலை வாங்குவது எப்படி, அதற்குக் கட்டற்ற மென்பொருள் எவ்வாறு துணை செய்கிறது என்பதே அப்பொருள்.

நான் பணியாற்றிய மலைப்பள்ளி ஒன்றின் அலுவலக அறையையே எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுத் திட்டத்தில் வந்த கணினிகள் சில; நன்கொடையாக வந்தவை சில; கணக்கு வேலைக்கென்று புதிதாக வாங்கியது ஒன்று. ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி, இன்னொன்றில் விண்டோஸ் 7, புதியதில் விண்டோஸ் 10. இவையெல்லாம் இயங்குதளங்கள், அதாவது கணினியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருள்கள். எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் அதன் பொதுவான ஆதரவு முடிந்தது. இயந்திரம் கெடவில்லை, விசை தட்டினால் எழுத்து விழுகிறது. ஆயினும் அதற்குக் காவல் இல்லை. இத்தகைய நிலையில் பணமுள்ள அலுவலகம் புதியது வாங்கும். பணமில்லாத அலுவலகம் என்ன செய்யும்?

இதற்கு விடை காண்பதற்கு முன் சந்தையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவும் அன்னாசியும் மிளகும் வாங்கப் பல ஊர் வியாபாரிகள் வருகிறார்கள். எங்கள் பாட்டிமார் காலத்தில் ஒருவர் படியால் அளந்தார், ஒருவர் வள்ளத்தால் அளந்தார், ஒருவர் தூக்கால் நிறுத்தார். ஊருக்கு ஊர் படி வேறு. அளவு தெரியாத மலைவாசி ஏமாந்தான். 1956இல் எடையளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை சிறிது சிறிதாக நடைமுறைக்கு வந்த பின்னர், கிலோ என்றால் சேலத்துக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் செம்மேட்டுக்காரருக்கும் ஒன்றே ஆயிற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிலோவைப் பயன்படுத்துவதற்கு நாம் யாருக்கும் கப்பம் கட்டுவதில்லை. அதன் இலக்கணம் எழுதி வெளிப்படையாக வைக்கப்பட்டிருக்கிறது. தராசு செய்வோர் எவரும் அதற்கேற்பச் செய்யலாம்.

கணினிகளுக்கிடையேயும் இத்தகைய பொது அளவுகள் உண்டு. அவற்றை நெறிமுறைகள் என்கிறோம். முகவரி கேட்பதற்கு ஒரு நெறிமுறை, கோப்பைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு நெறிமுறை, அச்சுக்கு அனுப்புவதற்கு ஒரு நெறிமுறை. நெறிமுறை வெளிப்படையாக இருந்தால் எந்த நிறுவனத்தின் கணினியும் எந்த நிறுவனத்தின் கணினியோடும் பேசும். மறைவாக இருந்தால், அதை வைத்திருப்பவரிடமே மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலை, அதாவது மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய வடிவத்தை, எவரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தாம் ஓர் இயங்குதளக் கருவை எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டு அதனைக் குனுவின் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். அவ்வுரிமத்தின் சாரம் இதுதான்: வாங்கியவன் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்திக் கொடுத்தால் திருத்திய மூல நிரலையும் கொடுக்க வேண்டும். 'கட்டற்ற' என்ற சொல்லுக்கு 'இலவசம்' என்று பொருள் கொள்ளாதீர்கள். விலைக்கும் விற்கலாம். கட்டுத்தான் இல்லை.

கலப்பு வலையமைப்புக்கு உயிரானவர் இன்னொருவர். அவரைப் பற்றி மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரித்துரைக்கிறேன். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991ஆம் ஆண்டின் இறுதியில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அவருடைய மேசைக் கணினி ஒரு வகை. கோப்புகள் இருந்த பெரிய கணினி வேறு வகை. இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் இலக்கணம் அவர் கையில் இல்லை. அவர் செய்தது என்ன? கம்பியில் போகின்ற செய்திகளை ஒட்டுக்கேட்டார். இது கேட்டதற்கு அது என்ன விடை சொன்னது என்று குறித்துக்கொண்டார். அதேபோல் விடை சொல்லும் நிரலொன்றைத் தாமே எழுதினார். பிரெஞ்சு மொழி அறியாதவன் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பரிசாரகர் கொண்டுவருவதையும் பார்த்துப் பார்த்து மொழியைக் கற்பது போன்றது இம்முறை என்று அவரே பின்னாளில் விளக்கினார். எங்கள் மலைக்கு வந்து குடியேறிய கடைக்காரர்கள் மலைப்பேச்சைக் கற்றதும் இம்முறையில்தான். இலக்கண நூல் படித்தன்று.

அந்த நிரலுக்குச் சாம்பா என்று பெயர். எஸ், எம், பி என்பன அந்நெறிமுறையின் பெயரெழுத்துகள். அம்மூன்றும் வரிசையாக வருகின்ற சொல்லைக் கணினியின் சொற்பட்டியலில் தேடிக் கண்டெடுத்த பெயராம் அது. நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்ட் தன் நெறிமுறை விவரங்களைப் பிறருக்குத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு நடந்து முடிந்து, 2007 டிசம்பரில் 10,000 யூரோ செலுத்தி அந்த ஆவணங்களைச் சாம்பா குழுவினர் பெற வழி பிறந்தது. ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து இலக்கண நூல் கிடைத்தது என்று சொல்லலாம்.

இனி எங்கள் அலுவலக அறைக்குத் திரும்புவோம். நான் ஓய்வு பெற்ற பின்னர், என்னிடம் படித்துக் கல்லூரி முடித்த இளைஞன் ஒருவன் அப்பள்ளியின் கணினிகளை ஒழுங்குபடுத்த முன்வந்தான். நான் குறிப்பேட்டுடன் அருகில் அமர்ந்திருந்தேன். அவன் முதலில் எந்தக் கணினியையும் தொடவில்லை. ஒரு தாளில் பட்டியல் எழுதினான்: எந்த இயந்திரம், நினைவகம் எவ்வளவு, யார் பயன்படுத்துகிறார், எதற்காக. இந்தத் தாள் இல்லாமல் தொடங்கப்படும் வேலை பாதியில் நிற்கும் என்றான். மிகவும் சரி. அந்தப் பட்டியலில் ஓர் உண்மை வெளிப்பட்டது. எழுத்தரின் கணக்கு மென்பொருள் ஒன்று விண்டோசில் மட்டுமே ஓடும். மற்றக் கணினிகளில் நடப்பதோ கடிதம் எழுதுதல், மதிப்பெண் பட்டியல் போடுதல், இணையப் பக்கம் பார்த்தல், இவ்வளவே. ஆகவே எழுத்தரின் புதிய கணினியில் விண்டோஸ் இருக்கட்டும், மற்றவை லினக்சுக்கு மாறட்டும் என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட அலுவலகங்களில் மூன்றாம் மாதம் பழைய நிலையே திரும்புகிறது.

கணினிகளுள் சற்று வலியது ஒன்றைத் தேர்ந்து அதில் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை நிறுவினான். அதுவே வழங்கி, சர்வர் என்று நாம் சொல்கிறோமே, அது. வழங்கி என்பது தனிப்பட்ட இயந்திர இனம் அன்று. பிறர் கேட்பதைக் கொடுப்பதற்காக எப்போதும் விழித்திருக்கும் கணினி, அவ்வளவே. அதற்கு 192.168.1.10 என்ற நிலையான முகவரி தரப்பட்டது. மற்றக் கணினிகள் காலையில் எழுந்தவுடன் வழங்கியிடம் முகவரி கேட்டுப் பெற்றுக்கொள்ளும். வகுப்புக்கு வரும் மாணவனுக்கு ஆசிரியர் இடம் காட்டுவது போல. பின்னர்ச் சாம்பா நிறுவப்பட்டு, 'அலுவலகம்', 'ஆசிரியர்', 'மாணவர்' என்று மூன்று பொது உறைகள் திறக்கப்பட்டன. அலுவலக உறையை மாணவர் பார்க்க இயலாது. மாணவர் உறையில் ஆசிரியர் எழுதலாம். விண்டோஸ் கணினிக்கு அந்த உறைகள் தன் வீட்டு அறைகளைப் போலவே தோன்றின. மறுமுனையில் இருப்பது லினக்ஸ் என்பது எழுத்தருக்குத் தெரியவும் இல்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அச்சுப்பொறி வழங்கியோடு இணைக்கப்பட்டதால் ஒரே பொறியை அனைவரும் பயன்படுத்தலாயினர்.

எக்ஸ்பி கணினியில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. அது அறிந்தது எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற்பதிப்பை மட்டுமே. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல் நுழைந்த வாயில் அந்தப் பழைய பதிப்பே. அதன் பிறகு புதிய விண்டோசும், 2019 முதல் சாம்பாவும், அதனைத் தாமாகவே மூடிவைக்கின்றன. சாம்பாவிலும் வேறொரு குறை அதே 2017 மே மாதத்தில் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது; கட்டற்றது என்பதனால் குற்றமற்றது என்று எண்ணிவிடலாகாது. எக்ஸ்பிக்காகக் கதவைத் திறந்துவைக்கலாமா என்று எழுத்தர் கேட்டார். கூடாது என்று இளைஞன் மறுத்து, அந்தக் கணினியிலேயே இலேசான மேசைத்தளம் கொண்ட லினக்சை ஏற்றினான். அதே இயந்திரம் காவலோடு எழுந்து நின்றது. இதற்கும் எல்லை உண்டு. மிகப் பழைய 32 பிட்டுக் கணினிகளில் நிறுவும் வசதி 2025இல் வந்த டெபியன் 13இல் இல்லை.

அடுத்து வந்த தொல்லை சிறியது; ஆனால் கற்பதற்கு இனியது. ஒருநாள் 'கொல்லிமலை' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே உறையில் அருகருகே இருந்தன. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்பது விதி. பின் எப்படி? ஒருங்குறி என்னும் உலக எழுத்தெண் முறையில் ஒகர உயிர்க்குறிக்குத் தனி எண் ஒன்று உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அதே வடிவத்தைப் பெறலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ' தான். கணினிக்கோ அவை வேறு வேறு எண்தொடர்கள். ஒருவர் தட்டச்சு செய்த முறை ஒன்று, மற்றவர் வேறு கருவியிலிருந்து படியெடுத்த முறை வேறு. எல்லாரும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியதும் அது நின்றது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் லினக்சுக்கு வேறு, விண்டோசுக்கு ஒன்று. அதனால் விளையும் குழப்பம் மிகுதி. தமிழில் அந்தப் பாகுபாடே இல்லாமையால் அத்தொல்லையிலிருந்து நாம் தப்பினோம்.

இன்னொன்று: லினக்சில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. இன்று வழங்கும் யு.டி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. கொல்லிமலை என்பதில் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்த்து 9 குறிகள், ஆக 27 பைட்டு. எனவே 85 குறிகளைத் தாண்டும் தமிழ்ப் பெயரை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் வழங்கி மறுத்துவிடும். நம் அலுவலர்கள் ஒரு கடிதத்தின் பொருள் முழுவதையும் கோப்பின் பெயராக வைக்கும் வழக்கமுடையவர்கள் ஆதலால், இது ஏட்டுச் சுரைக்காய்ச் செய்தியன்று.

இவையெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைப்பள்ளிக்கு முன்னாள் மாணவி ஒருத்தி வந்தாள். எங்கள் மலையின் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். கேரளத்தாரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அவள் படித்த விவரம் வேண்டியிருந்தது. கணினியில் பட்டியல் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடையாளங்களும் கலந்த கூளம்! அது ஒருங்குறிக்கு முற்பட்ட ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இருந்த கணினி பழுதாகிப் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, படிக்க வழியில்லை. தடித்த அட்டை போட்ட பழைய சேர்க்கைப் பதிவேடுதான் அன்று அவளைக் காப்பாற்றியது. பதிவேட்டை எந்த நிறுவனத்தின் உரிமமும் இன்றி எவரும் படிக்கலாமன்றோ? பின்னர் அந்த இளைஞன் எழுத்துருவின் அமைப்பைக் கண்டறிந்து, மாற்றும் நிரலொன்றின் உதவியால் பட்டியலை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தான்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அலுவலக ஆவணங்களுக்கென்று ஓ.டி.எப். என்னும் திறந்த வடிவம் 2006இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. லிபர் ஆபீஸ் எழுதுவது அந்த வடிவத்தில்தான். வழங்கி எதுவாயினும் ஆகுக. பள்ளியின் ஏடு திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அறையில் நாங்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி.

எங்கள் சிற்றறையில் நடந்தது தமிழகத்தில் பெரிய அளவிலும் முயலப்பட்டது. 1977இல் தோன்றிய எல்காட் என்னும் தமிழக அரசின் மின்னணு நிறுவனம், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டை ஒட்டித் தன் சொந்த அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. பிறருக்கு உபதேசிக்கும் முன் தன் மேசையில் செய்து பார்த்தது என்பதே அதில் நான் போற்றுவது. அதே 2007இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியனை அடியாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் என்னும் தொகுப்பை வெளியிட்டது. 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோசோடு பாஸ் தொகுப்பும் இயந்திரங்களில் இடம்பெற்றது. பெரும்பாலான மாணவர்கள் அதனைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து காட்ட ஆசிரியர்க்குப் பயிற்சி போதவில்லை என்பது என் கருத்து. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் ஆசிரியர் பயிற்சியை முன்வைத்தது. அங்கே கட்டற்ற மென்பொருளே பள்ளிப் பாடமாக நிலைத்தது. செர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை 2013க்குள் லினக்சுக்கு மாற்றிப் பின் 2017இல் விண்டோசுக்குத் திரும்ப முடிவு செய்தது. காரணங்களைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. பயனாளரின் முணுமுணுப்பும் அரசியலும் இரண்டும் அதில் உண்டு.

எங்கள் அறையில் முணுமுணுப்பு வரவில்லையா? வந்தது. முதல் இரண்டு வாரம் 'அந்தப் பொத்தான் எங்கே' என்ற கேள்வி ஓயவில்லை. இளைஞன் ஒரு தாளில் பழைய இடம், புதிய இடம் என்று எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினான். கேள்விகள் குறைந்தன.

செய்ய விரும்பும் மாணவர்க்கு இரண்டு சொல்லி முடிக்கிறேன். முதலாவது, கடிகாரம். ஊர் பெரிதாகி, பயனாளர் அனைவரையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் முறைக்குச் சாம்பாவை உயர்த்தினால், வழங்கியின் மணிக்கும் மேசைக் கணினியின் மணிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் கடவுச்சொல் சரியாயிருந்தும் நுழைய விடாது. பழைய கணினியின் உள்ளே பொத்தான் அளவு மின்கலம் ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினி பல ஆண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். மழைக்காலத்தில் மின்வெட்டு மிகுந்த எங்கள் மலையில் இது அடிக்கடி நேர்வது. மின்கலத்தை மாற்றுங்கள், எல்லாக் கணினிகளும் வழங்கியைக் கேட்டு மணியைத் திருத்திக்கொள்ளுமாறு அமையுங்கள்.

இரண்டாவது, காப்புப்படி. இரவுதோறும் வழங்கியில் மாறியவற்றை மட்டும் வெளிவட்டு ஒன்றுக்குப் படியெடுக்கும் சிறு நிரல் அங்கே ஓடுகிறது. வட்டுகள் இரண்டு, ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வேறு கட்டடத்தில் பூட்டிய பெட்டியில். வெள்ளிதோறும் மாற்றி வைக்கின்றனர். மாதத்தில் ஒருநாள் ஏதேனும் ஒரு கோப்பை வட்டிலிருந்து எடுத்து, லினக்ஸ் மேசையில் ஒருமுறையும் எழுத்தரின் விண்டோஸ் கணினியில் ஒருமுறையும் திறந்து படித்துப் பார்த்து, நாளையும் கோப்பின் பெயரையும் சுவரில் தொங்கும் தாளில் எழுதிக் கையொப்பமிடுகின்றனர்.